கொடுத்தவருக்கும் அதே சிறை

செவ்வாய்க்கிழமை, தீபாவளிக்கு முந்தைய வாரம்.
குனோங் ராபாட், ஈப்போ.

கோபம் இன்னும் அடங்கவில்லை. லஞ்சத் தடுப்புச் சட்டத்துக்கு எங்கள் குழு அனுப்பவிருக்கும் பரிந்துரையை இன்று ஈப்போ கூட்டத்தில் வாசித்தேன். லஞ்சம் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரே அளவு சிறை. அந்தப் பிரிவை எழுதியவன் நான்தான். குழுத் தலைவர் டத்தோ மேசையைத் தட்டிப் பாராட்டினார். டத்தோ பட்டம் வாங்கிய அவர், அரசாங்க வேலைகளை எடுத்துச் செய்யும் பெரிய குத்தகையாளர்.

தேநீர் கொண்டுவந்த லெட்சுமி அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"அப்ப என்னையும் உள்ள போடுவீங்களா தம்பி? எஸ்டேட்ட மூடுனப்ப, வீட்டு மனுவ மேல அனுப்ப நில ஆபீஸ் கிராணிக்குக் காசு குடுத்தேன். குடுக்காட்டி பைல் நவுராது."

"அது காப்பிக் காசு லா அக்கா. லஞ்சத்துல சேராது" என்று டத்தோ சிரித்தார். சிரித்த கையோடு, அதிகாரிகளுக்குப் போகும் தீபாவளி ஹேம்பர் பரிசுக் கூடைகளுக்கும் விலக்கு எழுதச் சொன்னார். அவர் வீட்டிலிருந்து எத்தனை ஹேம்பர்கள் போகின்றன என்பது ஊருக்கே தெரியும். அக்காவின் காப்பிக் காசுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார் மனுஷன். முடியாது என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் தேநீர் குடித்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் அக்காவிடம் போனேன்.

"அந்தக் கிராணி பேரச் சொல்லுங்கக்கா. நான் புகார் எழுதுறேன்."

அக்கா கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"வேணாம் தம்பி. மவளோட மனு இப்ப அவருகிட்டதான் கெடக்கு."

இந்த அக்காவுக்குத்தான் நான் சிறை எழுதி வைத்திருக்கிறேன்.