சேஷு உடைக்காத மீட்டர்

ருக்கு,

கார் மீட்டரை உடைத்தது உன் தம்பி சேஷு இல்லை, நான்தான். காலையில் கழற்றிப் பார்த்துவிட்டேன். எத்தனை தூரம் ஓடினோம் என்று பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் பூஜ்யத்துக்குத் திருப்புவேனே, அந்தச் சின்ன மீட்டர். வண்டி ஓடும்போது அதன் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விச் சுற்றும். அப்போது குமிழைத் திருகினால், பழைய வண்டியில் தேய்ந்த பல் முறியும். நிறுத்திவிட்டுத்தான் திருக வேண்டும். "கெளம்பின வண்டிய நிறுத்தப்படாது" என்பாயே, அதனால் பத்து வருஷமாகக் கேட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டே திருகியிருக்கிறேன்.

நேற்று என்னிடம் திட்டு வாங்கி, "இனிமே உங்க காரைத் தொடமாட்டேன், அத்திம்பேர்" என்று போனவன், இங்கே மறந்துவிட்ட குடையை எடுக்க இன்று மத்தியானம் மல்லேஸ்வரத்திலிருந்து வருவான். கார் சாவி அலமாரி மேல் இருக்கிறது, அவனிடம் கொடு. ரசத்தைச் சுடவைத்துச் சாதம் போடு. நான் வரும்வரை விடாதே.

பி.கு.: முறிந்த பல் தீப்பெட்டியில் இருக்கிறது, காட்டு. மன்னிப்பை மட்டும் நீ முந்திக்கொண்டு கேட்டுவிடாதே. அது என் வேலை.