கேபிள் எட்டும் தூரம்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருமல் நின்றதா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. ஒரு மாடியின் கணினிகளையெல்லாம் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியைப் பல விதமாக அமைக்கலாம். பக்கத்து மேஜைக்காரி வலைப்பக்கத்தைத் திறந்து மவுஸால் தட்டுவாள். நான் நாற்காலியை விட்டு எழாமலே கட்டளைகளை டைப் செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அன்று எந்த இணைப்பு வழியாக அந்தப் பெட்டிக்குள் போயிருந்தேனோ, அதையே அணைத்துத் தொலைத்தேன். அடுத்த கட்டடத்தில் ஒரு மாடியே முடங்கிவிட்டது.

“சாவியை உள்ள வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டீங்களாக்கா?” என்று அவள் சிரித்தாள். மடிக்கணினியையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கு ஓடி, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நேராக அதிலேயே செருகினேன். உடனே சொன்ன பேச்சைக் கேட்டது.

அது கிடக்கட்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் பாப்பாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டது எதிர்வீட்டு டீச்சர்தானே? “டீச்சர் பின்னினா வலிக்கவே இல்லம்மா” என்று போனில் வேறு சொல்கிறாள். அவர் நல்லவர்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் வரவேண்டுமா? நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். காலையில் போனைக் கண்ணாடியில் சாய்த்து வையுங்கள். எந்தக் கற்றை எதன்மேல் என்று இங்கிருந்தே சொல்கிறேன். என் மரச்சீப்பை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

அலுவலக வண்டி வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வகிடு கொஞ்சம் கோணலாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.