காருக்கு அடியில் ரப்பர் மரக்கட்டை

அப்பா,

பாத்திரம் கழுவும் சோப்பு போட்டாயிற்று, எலுமிச்சையும் தேய்த்தாயிற்று. விரல் இடுக்கில் பழைய எஞ்சின் எண்ணெயின் வாசம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. ஒர்க்‌ஷாப் போய் வரும்போது உங்கள் சட்டையில் ஒட்டி வருமே, அதே வாசம். அங்கே நீங்கள் காரைத் தொட்டதுகூட இல்லை. தள்ளி நின்று "பாத்து தம்பி, பாத்து" என்று மெக்கானிக்கையும் பயமுறுத்திவிட்டு வருவீர்கள்.

இன்று நம் காருக்கு நானே எண்ணெய் மாற்றினேன். எண்ணெயை மாற்றப் போனேன், அது என்னை மாற்றிவிட்டது. சிரிக்காதீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போனதிலிருந்து கார் போர்ச்சிலேயே கிடந்தது. இனி அம்மாதான் அதை ஜெலாப்பாங் வரை ஓட்டி வேலைக்குப் போக வேண்டும். "ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிரலாம்லா" என்றார். "எதுக்குமா? வீடியோல பாத்துட்டேன். ஒரு தட்டு மீ பெரட்டுற நேரந்தான் ஆவும்" என்றேன்.

காரைத் தூக்கி நிறுத்தும் ஜேக்கின் மேல் உங்களுக்கு என்றுமே நம்பிக்கை கிடையாது. ஒரு டயர் மாற்றுவதற்குள் கைப்பிரேக்கை இழுப்பீர்கள், பின்சக்கரத்துக்குச் செங்கல் கொடுப்பீர்கள், ஸ்பேர் டயரைக் காருக்கு அடியில் படுக்க வைப்பீர்கள்.

"டயர் படுத்துருச்சே, டயர்டா இருக்காப்பா?"

"இருக்கும், இருக்கும். நீ தள்ளி நில்லு."

ஒருநாள் நீங்கள் தண்ணீர் குடிக்க உள்ளே போன சமயம், நான் காருக்கு அடியில் புகுந்து காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, "அப்பா! ஜேக் விழுந்துருச்சு!" என்று கத்தினேன். நீங்கள் ஓடிவந்த வேகத்தில் முழங்கால் சிமெண்டில் உரசி ரத்தம் வந்தது. வெறுங்கையால் காரைத் தூக்கப் பார்த்தீர்கள். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். நீங்கள் திட்டவில்லை. வாசல் சாக்கடைத் திண்டில் உட்கார்ந்து, உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாளே சுங்காயில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனீர்கள். சித்தப்பா தன் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த ரப்பர் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டீர்கள். "அலாமா, என் கதவுக்கு நான் என்னாண்ணே செய்றது?" என்று அவர் கேட்டபடியே பின்னால் வந்தார். வீட்டுக்கு வந்து, படுத்திருந்த ஸ்பேர் டயரின்மேல் கட்டையை வைத்துக் காட்டினீர்கள்.

"உன்ன விளையாடாதேன்னு சொன்னா கேக்கவா போற? விளையாடுனாலும் இது உள்ள இருக்கணும்."

இன்று ஜேக்கால் காரைத் தூக்கியபின் அதை உள்ளே வைத்தது நல்ல புத்தியால் அல்ல. அம்மாவைச் சிரிக்க வைக்க. உங்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உங்கள் குரலிலேயே, "செங்கல்! டயர்! கட்டை! தள்ளி நில்லு, தள்ளி நில்லு!" என்று போர்ச்சில் நடித்துக் காட்டினேன். சமையலறை ஜன்னலில் அம்மா சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! அந்த உற்சாகத்தில் கட்டையை ஒழுங்காகவே டயர்மேல் ஏற்றி வைத்தேன்.

பிறகு எண்ணெய் பிடிக்க ஒரு பழைய பேசினுடன் உள்ளே புகுந்தேன். எண்ணெய் வடிக்கும் போல்ட் அசையவில்லை. இரண்டு கையாலும் ஸ்பேனரை இழுத்தேன். போல்ட் இளகிய அதே நேரத்தில் ஜேக் சாய்ந்தது. கார் இறங்கியது. வெளியே தெரிந்த வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கியது.

டொக்.

கார் நின்றுவிட்டது. மூக்குக்கு மேலே இரும்பு. கழுத்தில் பிசுபிசுப்பாக ஏதோ வழிந்தது. ரத்தம் என்றே நினைத்தேன். கால் இருக்கிறதா என்று தெரியவில்லை, அசைத்துப் பார்க்கவும் பயம்.

"அம்மா! ஜேக் விழுந்துருச்சு!"

"போதும்லா நடிப்பு! அப்பா ஏமாந்தாரு, நான் ஏமாற மாட்டேன்!"

அன்று நான் கத்திய அதே வார்த்தை, அதே குரல். இன்னொரு முறை கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்தக் குரலை நம்பி முழங்கால் உரச ஓடிவர ஒருவர்தான் இருந்தார். அவரும் இல்லை. அப்பா, நான் அவ்வளவு பயந்தது அதற்குத்தான்.

தலையைத் திருப்பினேன். கைக்கெட்டும் தூரத்தில் டயர், அதன்மேல் உங்கள் கட்டை. முழுக் காரையும் தாங்கிக்கொண்டு, முனகாமல் கிடந்தது. அதையே பார்த்தபடி, முதுகால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெளியே வந்தேன்.

கரண்டியோடு வெளியே வந்த அம்மா, எண்ணெய் கறுத்து வழிந்த என் கழுத்தையும் சாய்ந்து கிடந்த ஜேக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே சாக்கடைத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். உங்கள் இடத்தில்.

"கட்டைய வச்சிருந்தியா?"

"விளையாட்டுக்குத்தான்மா வச்சேன்."

"அதுக்குத்தானே கொண்டாந்தாரு" என்றார்.

அடுத்த வீட்டு அண்ணன் தன் பெரிய ஜேக்கால் காரைத் தூக்கிக் கொடுத்தார். "மிச்சத்த நான் பாக்கறேன், நீ போம்மா" என்றார். "இல்லண்ணே, நானே முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேனே தவிர, உடம்பு குனிய மறுத்தது. கட்டையைத் திரும்ப உள்ளே தள்ளினேன். ஆட்டிப் பார்த்தேன். மறுபடி ஆட்டிப் பார்த்தேன். "போதும்மா, அது எங்கயும் ஓடிடாது" என்று அண்ணன் சிரித்தார். நீங்களாக இருந்தால் இன்னொரு முறை ஆட்டச் சொல்லியிருப்பீர்கள். ஆட்டினேன். பிறகுதான் உள்ளே போனேன். ஃபில்டரும் எண்ணெயும் மாற்றி முடித்தபின் எஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. நான்தான் வெளியே கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் துள்ளினேன்.

உங்களைப் பயந்தாங்கொள்ளி என்பேன். அந்தப் பட்டத்தை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.

மாலையில் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கட்டை பின்பெட்டியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டு இடிக்கிறது. "அத எடுத்து வீட்ல வையேன்லா" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா. மாட்டேன் என்றேன்.

அடுத்த திருப்பத்தில் மறுபடியும் டொக்.

"கேக்குதுப்பா" என்றேன், வேகத்தைக் குறைத்து.