நம் மூலையில் கிடந்த நாற்காலி

ஹால்வர்சன், அயோவா
புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். டகோட்டாவில் நீங்கள் வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் குளிர் இதைவிட மோசம் என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடும் குல்லாயைக் கழற்றாதீர்கள்.

அதிபர் வேட்பாளர் தேர்வின் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாநிலம் முழுக்க ஆளுநர்தான் முதலிடம். நம் செனட்டர் நான்காவதாக வந்து, போட்டியிலிருந்தே விலகிவிட்டார். நம் ஊரில் அவரைக் கவிழ்த்தது அம்மாதான் என்று வெர்லின் மாமா உங்களிடம் போனில் சொன்னாராம். அதற்குப் பிறகு நீங்கள் அம்மாவுடன் பேசவில்லை. போனில் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பள்ளியின் கூடைப்பந்து அரங்கில், வழக்கம்போல் வேட்பாளருக்கு ஒரு மூலை; யாருக்கு ஆதரவோ அவர் மூலையில் போய் நிற்பதுதான் ஓட்டு. வந்தது நூறு பேர். ஒரு மூலையில் பதினைந்து பேராவது இல்லாவிட்டால் அது கலைய வேண்டும். முதல் எண்ணிக்கையில் செனட்டர் மூலையில் நாங்கள் சரியாகப் பதினைந்து. "பசை போட்டு ஒட்டின மாதிரி நில்லுங்கப்பா. பாத்ரூம்கூட யாரும் போகக்கூடாது" என்றார் வெர்லின் மாமா.

மறுபடி எண்ணும் முன்பு ஆள் பிடிக்க நேரம் விட்டார்கள். ஆளுநர் மூலையை நடத்தியவர் பள்ளி வாரியத் தலைவி திருமதி ஆமுண்ட்சன். சாக்லேட் கேக் தட்டோடு எங்களிடம் வந்தார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்தாள். கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, அரங்கின் நடுவே நடந்து ஆளுநர் பக்கம் போய்விட்டாள்.

"ஏய் கார்லா, எங்க போறே? உன் வீட்டுக்காரன் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று மாமா கத்தினார். "என் காலு, என் வீட்டுக்காரரு. உமக்கு என்ன கேடு?" என்று அம்மா திரும்பாமலே சொன்னாள். அரங்கமே சிரித்தது. நாங்கள் பதினான்கு பேர் ஆனோம், கலைந்தோம். நான் வேறெந்த மூலைக்கும் போகாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் யாரோ பகல் ஷிப்ட் தருவதாக அம்மாவுக்கு ஆசை காட்டியிருக்கிறார்கள் என்று மாமா சந்தேகப்பட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த வாரமும் அம்மாவுக்கு இரவு ஷிப்ட்தான். நேரடியாகவே கேட்டேன். "கால் வலிச்சுதுடி. அங்கதான் நாற்காலி இருந்துச்சு" என்றாள்.

அப்பா, ஆளுநர் பக்கம் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். நாற்காலி இருந்தது நம் மூலையில். அம்மாவின் கால் வீக்கத்தைப் பார்த்து வெர்லின் மாமாதான் தூக்கி வந்து போட்டார். அவள் எழுந்த பிறகு அது காலியாகவே கிடந்தது.

நேற்று திருமதி ஆமுண்ட்சன் என்னைக் கூப்பிட்டார். நான்காம் வகுப்பு ஆசிரியை வேலையை எனக்கே தருகிறார்களாம். இலையுதிர் காலத்திலிருந்து விடுப்பில் போகிறவர்களுக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்தவளுக்கு நிரந்தர வேலை. என் மதிப்பெண்ணைப் பற்றி, பாடம் நடத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கை குலுக்கும்போது, "உங்கம்மா நல்ல மனுஷி. நம்ம பக்கம் வந்து நின்னாங்க, பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். ஒருவேளை அது வெறும் பேச்சாக இருக்கலாம். வேலை முன்பே எனக்கென்று முடிவாகியிருக்கலாம். யாரிடம் கேட்பது? கேட்டால்தான் யார் உண்மையைச் சொல்வார்கள்?

அம்மாவிடம் வேலை கிடைத்தது என்றேன். அடுப்பைப் பார்த்தபடியே, "படிச்சதுக்குக் கிடைச்சுது" என்றாள். நம் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அது அந்த அரங்கைத் தானாகக் கடந்ததா, அம்மாவின் வீங்கிய காலில் கடந்ததா என்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் போடு என்றால் போடுகிறேன்.

அதற்குள் அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள், அப்பா. செனட்டரைப் பற்றி வேண்டாம். நாற்காலியைப் பற்றியும் கேட்காதீர்கள். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியமுள்ள மகள்,
மார்னி