ஸ்டோர் ரூம் நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் தூங்கினாள். மதியம் ஒன்றரைக்கு ஸ்டோர் ரூமுக்குள் போய், பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, முகத்தில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு, சரியாக இருபது நிமிடம். குறட்டைகூட இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். ஒன்று ஐம்பதுக்கு முகம் கழுவிக்கொண்டு புதுசாக வந்து உட்காருகிறாள். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் யாருக்கோ செய்த ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

செயற்கைப் பல் செய்யும் எங்கள் லேபுக்கு அவள் வந்து மூன்று மாதம்தான். ஐந்து அடித்தால் மேசை விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். அஞ்சுமணி என்று பெயர் வைத்ததே நான்தான். இப்போது எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கோபப்படுவாள் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

வாசல் பக்கத்தில் முதலாளி ஒரு பலகை மாட்டியிருக்கிறார். யார் எத்தனை நாள் லீவு எடுக்காமல் மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று மாதாமாதம் அதில் எழுதுவார். என் பெயருக்கு நேரே 61. அவளுக்கு 0. "இதைப் பாத்தாலே தெரியுது, இந்த லேபை யாரு தாங்குறாங்கன்னு" என்றார். மனசு குளிர்ந்துபோனது.

அதோடு ஒரு செய்தியும் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் முன்பல் வேலை முழுக்க எங்களுக்கு வரப்போகிறதாம். மாதக் கடைசியில் ஒரே ஆளிடம் ஒப்படைப்பாராம். பதினோரு வருடமாக முன்பல் மேசை என்னுடையது. மிஞ்சுவது மட்டும்தான் அவளுக்குப் போகும். வேறு யாருக்குப் போகும்?

அவள் செய்த பல் இதுவரை ஒன்றுகூடச் சரியில்லை என்று திரும்பி வரவில்லை. எனக்குப் போன மாதம் மட்டும் மூன்று.

மார்ச் 9, ஞாயிறு

பூங்கா பெஞ்சில் அஞ்சுமணி. புத்தகம் இல்லை, போன் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் பஸ்ஸில், லேபுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. எதைப் பார்த்து எரிகிறது? அவள்தான் எதுவுமே செய்யவில்லையே!

மார்ச் 11, செவ்வாய்

புதிதாக இருபது மூட்டை பிளாஸ்டர் வந்து இறங்கியது. ஸ்டோர் ரூமில் நாற்காலி போடும் மூலையில் அடுக்கச் சொன்னேன். "ஈரம் படாத இடம் அதுதான் சார்" என்று முதலாளியிடம் காரணம் சொன்னேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ஒன்றரைக்குக் கைக்குட்டையோடு வந்து நின்றாள். மூட்டைகளைப் பார்த்தாள், பிறகு என்னை. "நல்லா அடுக்கியிருக்கீங்கக்கா" என்றாள். போய் மாடிப்படியில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

படியில் உட்கார்ந்தாலும் தூக்கம் வருகிறது மகராசிக்கு. எனக்கு மெத்தையிலேயே வருவதில்லை.

மார்ச் 12, புதன்

"தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிக்கிற. லேப் வேலைய வாயிலயே எடுத்துட்டு வந்துட்டியா?" என்கிறார் வீட்டுக்காரர். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அவசரமாக ஒரு முன்பல். ஒரு பெண்ணுக்கு, நாளைக் காலையே வேண்டுமாம். எல்லாரும் போன பிறகும் ஏழரை வரை உட்கார்ந்து முடித்தேன். கண்ணில் மண் விழுந்த மாதிரி எரிச்சல். மேசை விளக்கில் நிறம் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. வேலைச் சீட்டில் என் பெயரை எழுத மறந்தது பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

மார்ச் 17, திங்கள்

திரும்பி வந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில், மற்ற பற்களுக்கு நடுவில் அது மட்டும் மஞ்சளாக நிற்கிறதாம். கண்ணாடியைப் பார்த்து அந்தப் பெண் அழுதுவிட்டாளாம்.

முதலாளி சீட்டைப் பார்த்தார். பெயர் இல்லை. நேராக அஞ்சுமணியிடம் போனார். "அஞ்சு மணிக்கு ஓடணும்னு அவசரப்பட்டா இப்படித்தான் ஆகும்!" லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் பல்லை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இது என் வேலை இல்ல சார்."

"பின்ன யாரோடது?"

என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. அறுபத்தொன்று உட்கார்ந்திருக்கும் மேசையை யார் சந்தேகப்படுவார்கள்? நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே சந்தோஷமாக இருந்தது. எழுதிவிடுகிறேன், இங்கேயாவது.

கிளம்பும்போது என் மேசைக்கு வந்தாள். "அக்கா, அந்தப் பல்லு யாருதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்து சண்டை போடலாம்தான். ஆனா அஞ்சு மணியாச்சு."

போய்விட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

வேலை கற்ற முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இது. பல்லின் நிறத்தை ஐந்து நொடிக்கு மேல் உற்றுப் பார்க்கக் கூடாது. கண் பழகிவிடும், மஞ்சளும் வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்ள வேண்டும். பகல் வெளிச்சம் போய்விட்டால் நிறமே பார்க்கக் கூடாது.

என் அட்டை எங்கே? தேடினேன். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், எண்ணெய்க் கறையோடு கிடந்தது. எத்தனை வருடமாக அங்கே இருக்கிறது? அவளுடைய அட்டை அவள் மேசை நடுவில் இருக்கிறது. அவள் ஏன் ஐந்து மணிக்குப் போகிறாள் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பெயர் வைக்க மட்டும் தெரிந்தது.

மார்ச் 19, புதன்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்னம்மா, ராப்பகலா உழைக்கிறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு தப்பு வரத்தான் செய்யும். உக்காருங்க" என்று டீ வரவழைத்தார். அதே பல்லுக்கு அவளுக்கு ஊரைக் கூட்டித் திட்டு, எனக்கு டீ. டீயை அப்படியே வைத்துவிட்டேன். அவளிடம் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றேன். "பாத்துக்கலாம்" என்றார். பார்க்க மாட்டார், எனக்குத் தெரியும். வெளியே வந்து லேப் நடுவில் நின்று நானே சொன்னேன்.

அஞ்சுமணி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சரிக்கா. அந்த மூட்டைங்க?"

மார்ச் 20, வியாழன்

இருபது மூட்டை. நானும் அவளும்தான் நகர்த்தினோம். இடுப்பு போச்சு.

மார்ச் 31, திங்கள்

ஆஸ்பத்திரி வேலை அவளுக்கு. "அவங்க செஞ்சது திரும்பி வர்றதில்ல, அதான்" என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல். நான் போய்க் கை கொடுத்தேன். கொடுத்த கை நாள் முழுக்கச் சூடாகவே இருந்தது.

நியாயம்தான். எனக்கே தெரியுது நியாயம்னு. அப்புறம் ஏன் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன்? பதினோரு வருஷம்! ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா?

நாளைக்குப் போடட்டுமா? எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? சும்மா.

ஏப்ரல் 1, செவ்வாய்

60. பூங்காவுக்குப் போனேன். அரை மணிக்குமேல் உட்கார முடியவில்லை, கை வேலை தேடுகிறது.

ஏப்ரல் 24, வியாழன்

பலகையில் 57. எழுதும்போது முதலாளி பெருமூச்சு விட்டார். இந்த மாதம் என் மேசைக்கு எதுவும் திரும்பி வரவில்லை. அதற்குத்தான் பலகை இல்லை.

ஸ்டோர் ரூமில் இப்போது இரண்டு நாற்காலி. மூன்று வாரமாகப் பக்கத்தில் உட்கார்கிறேன். அவள் கைக்குட்டையை விரித்த மறுநிமிடம் தூங்கிவிடுவாள். நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு, இதிலும் இவள்தான் முன்னால் என்று பொருமிக்கொண்டிருப்பேன்.

இன்று தோளைத் தட்டி எழுப்பினாள். "அக்கா, ரெண்டு மணி. என்னா குறட்டை!"

"நீ தூங்கலையா?"

"அந்த ஆஸ்பத்திரிக்காரங்க ஒரே நேரத்துல ஒம்பது பல்லு கேக்குறாங்க. கண்ணை மூடினா அதுதான் வருது." கைக்குட்டையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அரை மணி நேரம்க்கா. அசையவே இல்ல நீங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். பொறாமைதான். அந்த நிறம் எனக்குத் தெரியாதா?

"சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பிடு" என்றேன். "நானும் வர்றேன்."