கோணேசர் பெயரைச் சொல்லி ஒரு நண்டுக் கறி

குண்டசாலை,
6.8.2017

அன்புள்ள மகள் ஞானேஸ்வரிக்கு அப்பா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் அந்த மெல்பேர்ன் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க முருகன் துணை. இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் என் சுகத்தில் கொஞ்சம் கள்ளம் கலந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நான் போனில் பேசுவது மகாவலிக்கு அந்தக் கரையிலும் கேட்கும் என்று அம்மா சொல்வாளே, அது எவ்வளவு உண்மை என்று இந்த வாரம்தான் எனக்கு விளங்கியது.

விஷயம் இதுதான் மகள். மாநகர சபை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் எனக்குக் கடற்கரையில் போய் ஓரிரு நாள் தங்க ஆசை. நிலாவெளியில் கால் நனைக்க வேண்டும், படகில் புறாத்தீவு பார்க்க வேண்டும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே முருங்கையிலை போட்ட நண்டுக் கறி சாப்பிட வேண்டும். கடல் பார்க்கப் போவோம் என்றால் உன் அம்மா அசைவாளா? வீட்டை யார் பார்ப்பது, இந்த வயதில் என்ன ஊர் சுற்றல் என்பாள். கோயில் என்றால் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நிற்பாள். அதனால் திருகோணமலைக்குப் போய்க் கோணேசரைக் கும்பிட்டு வருவோம் என்றேன். அவளும் சரி என்றாள். ஆனால் நிலாவெளியில் தங்குமிடம் நடத்தும் முத்துலிங்கத்திடம், போய் இறங்கும் அன்று இரவே நண்டு வேண்டும் என்று போனில் சொல்லி வைத்தேன். கோயில் அடுத்த நாள் காலையில். கோயில் முடியும் வரை நம் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டோம் என்று உனக்குத் தெரியும். அம்மாவைப் படுக்க வைத்துவிட்டுக் காற்று வாங்கப் போவதாகச் சொல்லி நஸீமையும் கூட்டிக்கொண்டு நழுவுவது என் திட்டம். நஸீமை மறந்திருக்க மாட்டாய், மடவளையில் இருந்து வந்து உன்னைப் பள்ளிக்கூட வான் வண்டியில் ஏற்றிப் போனவர்தான், இந்தப் பயணத்துக்கும் அவர் வண்டிதான். ஐயா, இதுல என்னய மாட்டி விட்றாதீங்க, அம்மா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அப்போதே கையை விரித்துவிட்டார்.

அதற்குள்தான் உன் செய்தி வந்தது. இந்த முறையும் வயிற்றில் தங்கவில்லை என்று நீ அழுது முடித்த பிறகு அம்மா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, கோணேசர்தாங்க நம்மளக் கூப்பிட்டிருக்காரு, இல்லாட்டி உங்களுக்கு எப்பிடி இந்த நெனப்பு வந்திருக்கும் என்றாள். அன்றிலிருந்து உனக்காக விரதம் இருக்கிறாள். பகலில் ஒரு நேரம் மட்டும் சோறும் பருப்பும், மற்ற நேரம் வெறும் தேநீர். சீனி வருத்தக்காரிக்கு இது தாங்குமா? டாக்டர் ஏசினார். எம் பிள்ளைக்கு ஒரு பிள்ளை வரட்டும் டாக்டர், பொறகு நீங்க சொல்றபடியெல்லாம் கேக்குறேன் என்று அவருக்கே பதில் சொல்லிவிட்டு வந்தாள். மீன் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றியாகிவிட்டது. நானும் விரதம் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நானோ மின் கட்டணம் கட்டப் போகிறேன் என்று டவுனுக்குப் போய்ப் பேக்கரியில் உள்ளே மீன் வைத்துச் சுட்ட மீன் பணிஸ் தின்று, வாயைக் கொப்பளித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வருகிறேன். உன் துக்கத்தைக் கொண்டுபோய்க் கோயிலில் வைக்கப் போகிற பயணத்தில் உன் அப்பனுக்கு நண்டு கேட்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது மகள்.

வியாழக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து முத்துலிங்கத்துக்குப் போன் எடுத்து, நண்டு வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். அதை அம்மா போன கிழமையே மாத்திப்போட்டா ஐயா, கோயில் முடிஞ்ச பிறகு மத்தியானத்துக்குத்தான் நண்டு எண்டு சொன்னவ, அவர் கனநாளா ஆசைப்பட்டவர், குறை வைக்காதேங்கோ எண்டும் சொன்னவ, ஐயாட்ட சொல்ல வேண்டாம் எண்டவ, நான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன் என்றார். அன்றைக்கு நான் முத்துலிங்கத்தோடு போனில் போட்ட சத்தமெல்லாம் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவளுக்குக் கேட்டிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. தான் பட்டினி கிடந்துகொண்டு எனக்கு நண்டு சொல்லியிருக்கிறாள். ஏசியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

வருகிற வெள்ளி விடிய முந்திப் புறப்படுகிறோம். நீ அதற்கு முன் அம்மாவோடு பேசி, காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு மருந்து போடச் சொல்லு. நான் சொன்னால் கேட்க மாட்டாள், சொல்ல எனக்கு முகமும் இல்லை. நீயும் உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அழாதே மகள், உன் மேல் ஒரு பிழையும் இல்லை. வேலைக்கு அவசரப்பட்டுப் போகாமல் நன்றாகப் படுத்து எழும்பு. மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்து, யாருக்கு எழுதுறீங்க என்று கேட்டாள். உனக்கு என்றேன். அப்பாவும் ஒனக்காக மீன் வாயில வக்கிறதில்லன்னு எழுதுங்க, புள்ளைக்கு ஆறுதலா இருக்கும் என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், சிரிக்கவில்லை. மீன் பணிஸும் தெரிந்திருக்குமோ என்னவோ. அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். இன்றையிலிருந்து அது உண்மை.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். அம்மாவுக்குப் போன் எடுக்க மறந்துவிடாதே.

உன் அப்பா,
இரா. திருச்செல்வம்