கோவளத்தில் சிக்னல் இல்லை

சேலையூர்
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தபின்

அன்பு மகன் ஜாய்சனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நான் நலம். வழக்கமாக இதற்கு அடுத்த வரியில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன் என எழுதுவேன். இன்று அதைக் கேள்வியாகத்தான் எழுத முடிகிறது. நலமாக இருக்கிறாயா? பொழிச்சலூர் ஏசுபாதம் நாளை மாலை விமானம் ஏறுகிறான். உன் கம்பெனியின் வேறொரு கப்பலில் சமையல்காரனாகச் சேர ஓமன் நாட்டுச் சலாலாவுக்குத்தான் வருகிறான், உன்னைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரில் போய் இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எனக்கு இப்போது போன் மேல் நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன், நடுவில் மூடி வைக்காமல் படி.

நேற்றுக் காலை நான் காபி குடித்து முடிப்பதற்குள் உன் அக்கா பியூலாவும் மாப்பிள்ளை ஆரோனும் கீழ்க்கட்டளையிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பியூலா உள்ளே வந்த வேகத்தில் டிவி பிளக்கைப் பிடுங்கினாள், இடி மின்னல் வரப்போகிறதாம். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் பேப்பரைக் காணோம், கேட்டால் பேப்பர்காரன் போடவில்லை என்று மாப்பிள்ளை சொல்கிறார், சொல்லும்போதே அக்குளில் எதையோ மடித்து இடுக்கிக்கொண்டிருக்கிறார். மம்மி கிளம்புங்க, கோவளம் பீச்சுக்குப் போலாம், நீலக் கொடி சர்டிபிகேட்லாம் குடுத்திருக்காங்க, அவ்ளோ நீட்டா இருக்கும், உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றாள். மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனாலே வெயில் வெயில் என்று என்னைத் திட்டுகிற பெண். உன் அப்பா போன பிறகு இவர்கள் என்னைக் காரில் ஏற்றியதெல்லாம் கல்யாணத்துக்கும் கண் டாக்டரிடம் போகவும்தான். சரி, வீட்டை விற்கச் சொல்லப் போகிறார்கள், அதற்குத்தான் இந்தக் கடல் காற்று என்று நினைத்து, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நல்ல புடவையாகக் கட்டி ஏறினேன். என் போன் சார்ஜில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும் என்று வீட்டில் வைத்துப் பூட்டினாள். மேடவாக்கம், மாம்பாக்கம், கேளம்பாக்கம் என்று வழி நெடுக நான் காத்திருந்தேன். வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு முதல் முறையாக, இது வீட்டு விஷயம் இல்லை, வேறு ஏதோ என்று பட்டது.

கோவளம் சுத்தம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். மூங்கில் குடைகள், சக்கர நாற்காலிகூடப் போகும்படி மணலில் விரித்த பாதை, மக்குகிற குப்பைக்கு ஒன்று மக்காததற்கு ஒன்று என்று தொட்டிகள். எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது கழிப்பறை என்று உனக்குத் தெரியும். தாழ்ப்பாள் விழுந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, தரை காய்ந்திருந்தது. பெஞ்சை விரலால் தேய்த்துப் பார்த்தேன், மணல் தவிர ஒன்றும் ஒட்டவில்லை. வாசல் பக்கம் ஒரு பலகையில் கடல் தண்ணீரைச் சோதித்த முடிவை ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதில் என்ன கிருமி எவ்வளவு என்பது வரைக்கும். படித்துவிட்டு இறங்குவதா வேண்டாமா என்று வருகிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம். நான் அதை வரி விடாமல் படித்தேன், மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். குடைக்குக் கீழே உட்கார்ந்ததும் பியூலாவிடம், ஜாய்சனுக்கு வீடியோ கால் போடு, அவன் இதைப் பார்க்கட்டும் என்றேன். அவள் முகம் வெளுத்தது. இங்க சிக்னல் இல்ல மம்மி என்றாள். ஆமா அத்தை, கடல் பக்கம் எப்பவும் இப்டித்தான் என்று மாப்பிள்ளையும் சொன்னார். எங்கள் பக்கத்துக் குடையில் ஒரு கல்லூரிப் பெண் தன் அம்மாவுக்கு வீடியோ காலில் அலையைக் காட்டிக்கொண்டு, தெரியுதாம்மா தெரியுதாம்மா என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், பிறகு பியூலாவைப் பார்த்தேன். பியூலா கழிப்பறைக்குப் போவதாக எழுந்து போய்விட்டாள். மாப்பிள்ளை சிக்னல் இல்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு தூரமாக நடந்தார்.

நான் எழுந்து கேட்டுக்கு வெளியே போனேன். சாப்பாடு விற்பதெல்லாம் வெளியில்தான், படகுகளை ஏற்றிப் போட்டிருக்கும் பக்கம். ரத்தினம் என்று ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள், கல்லில் சங்கரா மீன் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னா பெரிம்மா, ஒண்டியா வந்துக்கினியா, குந்து குந்து, முள்ளு பாத்துத் துண்ணு என்று ஸ்டூலைத் தள்ளினாள். மசாலாவில் உப்பு ஒரு துளி அதிகம், ஆனால் மீன் அன்றைக்குப் பிடித்தது. உனக்கு யாரு கீறாங்க என்று கேட்டாள். மகள் இங்கே, மகன் கப்பலில் இன்ஜினியர் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அய்ய, கப்பலா என்று கரண்டியால் பின்பக்கம் காட்டினாள். கடைக்குள் ஒரு சின்ன டிவி ஓடிக்கொண்டிருந்தது, காற்று மழைச் செய்திக்காக அதை அவர்கள் அணைப்பதே இல்லையாம். அதோ பாரு, காலைலேந்து இதையேதான் காட்டிகினு கீறான், பத்திகினு எரியுது, நம்ப ஊரு புள்ளைங்கோ உள்ள மாட்டிகினு கீதுங்களாம், பெத்தவ இன்னா பாடு பட்டுகினு கீறாளோ என்றாள். கறுப்புப் புகை. கீழே எழுத்து ஓடியது. உன் கப்பலின் பெயரை நான் டிவியில் படிப்பது அதுவே முதல் முறை. வாயில் மீன் இருந்தது, துப்பவும் முடியவில்லை முழுங்கவும் முடியவில்லை. முள்ளு மாட்டிகிச்சா என்று கேட்டு அவள் தன் தூக்கிலிருந்து வெறும் சோற்றை உருண்டையாக உருட்டி என் கையில் வைத்தாள், மெல்லாத, அப்டியே முழுங்கு என்றாள். முழுங்கினேன். அந்தத் தாய் நான்தான் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, நானே அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கை கழுவக் கடையிலேயே குழாய் இருந்தது. நான் கடலுக்குப் போனேன். உன் கப்பல் நிற்கிற தண்ணீரும் இதே தண்ணீர்தானே என்று தோன்றியது, வேறு காரணம் இல்லை. புடவைக் கொசுவம் நனைந்தது, முழங்கால் வரை வந்தது, எனக்கு அது தெரியவே இல்லை. விசில் சத்தம் கேட்டது. ஆயா, கயித்துக்கு அந்தாண்ட போவாத ஆயா என்று ஒரு காவல் பையன் கத்தினான். என்னை ஆயா என்று கூப்பிட்டதற்கு வேறொரு நாளாக இருந்தால் அவனை நிற்க வைத்துப் பேசியிருப்பேன். அதற்குள் பியூலா செருப்போடு தண்ணீரில் விழுந்தடித்து ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மம்மி, வந்துடுங்க மம்மி, அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது என்று அலறினாள். எவனுக்கு என்று கேட்டேன். அவள் என்னைக் கரைப் பக்கம் இழுத்தாள். எவனுக்கு பியூலா என்று திரும்பவும் கேட்டேன். அந்த ஈர மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே தீப் பிடித்தது, இன்ஜின் ரூமுக்குள் இறங்குவதற்கு முன்னால் நீ அவளிடம்தான் போனில் பேசினாய், அப்புறம் பேச்சு மூச்சில்லை. நீ கடைசியாகச் சொன்னது, மம்மிகிட்ட மட்டும் சொல்லாதே என்பதாம்.

என் மகனே, அதைக் கேட்டபோது புகையைப் பார்த்ததைவிட அதிகமாக எனக்கு வலித்தது. உன் அப்பா போன நாளன்று நீயும் அக்காவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, மம்மிகிட்ட யார் சொல்றது என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளே அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உங்கள் இருவருக்கும் முன்பே எனக்குத் தெரியும். அன்று நான் விழுந்துவிட்டேனா? எல்லாருக்கும் காபி வாங்கி வரச் சொன்னது யார்? கப்பல்காரன் தாயைக் கடல் செய்தி தெரியாமல் வைத்திருப்பதற்குக் கடற்கரைக்கே கூட்டிப்போன புத்தி என் பிள்ளைகளுக்குத்தான் வரும். அங்கே வருகிற முன்பின் தெரியாத ஆளுக்குக்கூடத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதி வைக்கிறார்கள். பெற்றவளுக்கு டிவி பிளக்கைப் பிடுங்குகிறீர்கள்.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் குடைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தோம். பியூலா என் கையை விடவில்லை. கார்மேல் மாதா கோயில் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் போன் ஒலித்தது, உன் கம்பெனியிலிருந்து. எல்லாரையும் வேறு கப்பலில் ஏற்றிச் சலாலாவில் கரை சேர்த்துவிட்டார்களாம், உனக்கு வலது கையில் மட்டும் தீக்காயமாம், வேறொன்றும் இல்லையாம். மாப்பிள்ளை அழுதுவிட்டார், பியூலா மணலில் முழங்கால் போட்டாள். நானும் ஸ்தோத்திரம் என்று சொன்னேன். சொன்னேனே தவிர என் மனது நம்பவில்லை, ஜாய்சன். கடல் பக்கம் சிக்னல் இல்லை என்று சொன்ன அதே வாய்தான் உனக்கு ஒன்றும் இல்லை என்றும் சொல்கிறது. கம்பெனிக்காரர் யாரோ பதிவு செய்து அனுப்பியதாக உன் குரலைப் போட்டுக் காட்டினார்கள். நல்லா இருக்கேன் மம்மி, கவலைப்படாதீங்க. நீ ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிற அதே வாக்கியம், அது எந்த ஞாயிற்றுக்கிழமையின் குரலோ யார் கண்டது. உன் போன் தீயில் போய்விட்டதாம், அடுத்த வாரம் பேச வைப்பார்களாம். இன்று ஆராதனையில் எல்லாரும் என் கையைப் பிடித்து சந்தோஷம் சொன்னார்கள். பாட்டுப் பாடும்போது எனக்கு வாய் திறக்கவில்லை.

ஏசுபாதத்திடம் நார்த்தங்காய் ஊறுகாயும் இரண்டு மெல்லிய பருத்திச் சட்டையும் கொடுத்திருக்கிறேன், கை நுழைக்கச் சுலபமாக இருக்கும். காயத்தில் கண்டதைத் தடவாதே, டாக்டர் சொன்னதை மட்டும் செய். கொப்புளத்தைக் கிள்ளாதே, சின்ன வயதில் அந்தப் பழக்கம் உனக்கு உண்டு. ஊருக்கு வரும்போது அக்காவிடம் கோபமாகப் பேசிவிடாதே, அவள் உன் சொல்லைத்தான் காப்பாற்றினாள். இனிமேல் எது நடந்தாலும் முதல் போன் எனக்கு வர வேண்டும். இது கட்டளை.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக் கடவர். அவருடைய கை உன் காயப்பட்ட கையின் மேல் இருப்பதாக.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏசுபாதம் உன் கட்டில் பக்கம் நிற்கும்போதே, இந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கொடு. அவன் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவான். உன்னை உட்கார வைத்து எழுதப் பழக்கியவள் நான், எந்தக் கையால் எழுதினாலும் உன் எழுத்து எனக்குத் தெரியும். கோணலாக எழுதியதற்காக எத்தனை பக்கத்தைக் கிழித்துத் திரும்ப எழுத வைத்திருக்கிறேன். இப்போது இடது கையால், எவ்வளவு கோணலாக வேண்டுமானாலும் எழுது.

உன் எழுத்துக்காகக் காத்திருக்கும்
அம்மா